புதினா எண்ணெய் வடித்தலும் குளிர்விப்பானின் அளவும்

உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி, சீதாப்பூர், ராம்பூர், மொராதாபாத், பதாயூன் ஆகிய மாவட்டங்களில் கோடைக்காலத்தில் பயணம் செய்பவர்கள், வயல்களின் ஓரங்களில் புகைபோக்கியுடன் நிற்கும் பெரிய இரும்புக் கலன்களைக் காணலாம். இவை மெந்தால் புதினாவிலிருந்து எண்ணெய் வடிக்கும் கலன்கள். அப்பகுதி மக்கள் இவற்றை 'டங்கி' என்று அழைக்கின்றனர். உலகில் மெந்தால் புதினா எண்ணெயை மிக அதிகமாக உற்பத்தி செய்யும் நாடு இந்தியாவாகும். அந்த உற்பத்தியின் பெரும் பகுதி வயலோரத்து எளிய கலன்களில்தான் வடிக்கப்படுகிறது. மருந்து, பற்பசை, மிட்டாய், வாசனைப் பொருள் தொழில்கள் பயன்படுத்தும் மெந்தால் இந்த எண்ணெயிலிருந்தே பிரித்தெடுக்கப்படுகிறது.

ஜப்பான் புதினா எனவும் வழங்கப்படும் இப்பயிர் 1950களில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. 1959ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்டு, லக்னோவில் இயங்கிவரும் மத்திய மருந்து மற்றும் நறுமணத் தாவர நிறுவனம் உயர் விளைச்சல் ரகங்களை உருவாக்கி இதனைச் சிறு விவசாயிகளின் பணப்பயிராக்கியது. உருளைக்கிழங்கு அல்லது கோதுமைக்கும், மழைக்கால நெல்லுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நிலத்தைச் சும்மா விடாமல் வருவாய் ஈட்ட இப்பயிர் உதவுகிறது. ரகங்கள், நடவு முறை, உரம் ஆகியவை பற்றி ஏராளமாகப் பேசப்பட்டுள்ளன. அறுவடைக்குப் பின் எண்ணெயின் அளவையும் தரத்தையும் முடிவு செய்யும் ஒரு கருவி மட்டும் போதிய கவனத்தைப் பெறவில்லை. கலனிலிருந்து வரும் ஆவியை மீண்டும் திரவமாக்கும் குளிர்விப்பானே அது.

வடித்தலின் அடிப்படை

கலனின் அடியில் நீர் கொதிக்கிறது. அதற்கு மேல் துளையிட்ட தட்டின்மீது புதினாத் தழை அடுக்கப்பட்டிருக்கிறது. நீராவி தழையின் ஊடே செல்லும்போது இலையிலுள்ள எண்ணெயையும் ஆவியாக்கித் தன்னுடன் எடுத்துச் செல்கிறது. இந்தக் கலவை ஆவி குளிர்விப்பானில் திரவமாகி, எண்ணெய் பிரிப்பானில் விழுகிறது. புதினா எண்ணெய் நீரைவிட இலேசானது. எனவே அது மேலே மிதக்க, கீழே தங்கும் வடிநீர் வெளியேற்றப்படுகிறது.

இந்த ஏற்பாட்டில் அடுப்பும் குளிர்விப்பானும் தராசின் இரு தட்டுகளைப் போன்றவை. அடுப்பு எவ்வளவு வெப்பத்தை நீராவியாக ஏற்றி அனுப்புகிறதோ, அவ்வளவு வெப்பத்தையும் குளிர்விப்பான் இறக்கியாக வேண்டும். இறக்க முடியாமல் போனால் ஆவி முழுவதும் திரவமாவதில்லை. அல்லது திரவமானாலும் வடிநீர் சூடாகவே வெளிவருகிறது. இரு நிலைகளிலும் எண்ணெயின் ஒரு பகுதி காற்றில் கலந்துவிடுகிறது. மேலும், சூடான வடிநீரில் எண்ணெய் நுண்துளிகளாகக் கலங்கி நிற்பதால் அது சரிவரப் பிரியாமல் நீரோடு வெளியேறுகிறது. கலனருகே புதினா மணம் பலமாக வீசுவதை நல்ல எண்ணெயின் அறிகுறி என்று கருதுவோர் உண்டு. உண்மையில் அது விவசாயியின் வருவாய் காற்றில் கரைவதன் அறிகுறியேயாகும்.

கன்னௌஜ் தரும் பாடம்

அதே மாநிலத்தின் கன்னௌஜ் நகரில் பல தலைமுறைகளாக அத்தர் வடிக்கப்படுகிறது. அங்கு 'தேக்' எனப்படும் செப்புக் கலனிலிருந்து மூங்கில் குழாய் வழியே வரும் ஆவி, நீர்த்தொட்டியில் அமிழ்த்தப்பட்ட 'பப்கா' என்னும் செப்புக் குடத்தில் குளிர்கிறது. இங்குக் குளிரும் பரப்பு என்பது குடத்தின் வெளிப்புறம் மட்டுமே. ஆகவே கைவினைஞர்கள் தீயை மிக மெதுவாக எரிக்கின்றனர். தொட்டி நீர் சூடேறியதும் மாற்றுகின்றனர். குடம் நிறைந்ததும் வேறு குடத்தைப் பொருத்துவதற்காகக் கலனின்மீது ஈரத்துணியால் துடைத்துக் கொதிப்பை அடக்குகின்றனர். குளிர்விக்கும் திறனுக்கு மேல் ஆவியை உண்டாக்கக் கூடாது என்பதே இத்தனை நுட்பங்களின் சாரம். கணக்குப் போடாமல், அனுபவத்தால் கண்டறிந்த விதி இது.

புதினாத் தொழிலில் இந்தப் பொறுமைக்கு இடமில்லை. மே, ஜூன் மாதங்களில் அனைவரின் வயல்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அறுவடைக்கு வருகின்றன. மழை தொடங்குமுன் வடித்து முடித்தாக வேண்டும் என்ற அவசரம் நிலவுகிறது. எனவே அனுபவத்தின் இடத்தைக் கணக்கு நிரப்ப வேண்டியுள்ளது.

வெப்பத்தின் கணக்கு

உதாரணமாக, ஒரு தடவைக்கு 500 கிலோ தழை கொள்ளும் கலன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதிலிருந்து மணிக்கு 60 லிட்டர் வடிநீர் வருவதாகவும், ஒரு தடவை வடிக்க 4 மணி நேரம் ஆவதாகவும் கொள்வோம். 100 டிகிரி சென்டிகிரேடில் உள்ள 1 கிலோ நீராவி திரவமாகும்போது சுமார் 540 கிலோ கலோரி உள்ளுறை வெப்பத்தை வெளியிடுகிறது. அந்தத் திரவம் 100 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குக் குளிரும்போது மேலும் 60 கிலோ கலோரி வெளிப்படுகிறது. ஆக மொத்தம் 600 கிலோ கலோரி. எண்ணெயின் அளவு மிகச் சிறிதாதலால் அதன் வெப்பத்தைத் தனியே கணக்கிட வேண்டியதில்லை.

இதன்படி மணிக்கு 60 லிட்டருக்கு அகற்ற வேண்டிய வெப்பம் 36,000 கிலோ கலோரியாகும். குளிர்விக்கும் நீர் 30 டிகிரியில் நுழைந்து 60 டிகிரியில் வெளியேறினால் ஒவ்வொரு லிட்டரும் 30 கிலோ கலோரியை எடுத்துச் செல்லும். எனவே மணிக்கு 1,200 லிட்டர் நீர் தேவை. அதாவது 1 லிட்டர் வடிநீருக்கு 20 லிட்டர் குளிர்நீர் என்ற விகிதம் நினைவில் கொள்ளத்தக்கதாகும்.

பழைய முறையில் ஆவிக் குழாயை ஒரு தொட்டியிலோ குட்டையிலோ அமிழ்த்திவிடுவது வழக்கம். 2,000 லிட்டர் கொள்ளும் தொட்டி நீர் 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற 60,000 கிலோ கலோரி போதும். மேற்கண்ட கலன் அந்த வெப்பத்தை 1 மணி 40 நிமிடத்தில் தந்துவிடும். வடித்தல் பாதிகூட முடியாத நிலையில் தொட்டி தன் ஆற்றலை இழந்துவிடுகிறது. ஒரு தடவை முழுவதற்கும் 4,800 லிட்டர் நீர் வேண்டும். முதல் மணி நேரத்தில் குளிர்ந்து வந்த வடிநீர் மூன்றாம் மணி நேரத்தில் ஏன் கொதிக்கக் கொதிக்க வருகிறது என்ற கேள்விக்கு இதுவே விடை.

பரப்பின் கணக்கு

நீர் போதுமான அளவு இருந்தாலும், வெப்பம் ஆவியிலிருந்து நீருக்குச் செல்லப் போதிய உலோகப் பரப்பு வேண்டும். இந்தப் பரப்பை மூன்று காரணிகள் முடிவு செய்கின்றன: கடத்த வேண்டிய வெப்பம், இரு புறங்களுக்கும் இடையிலுள்ள சராசரி வெப்பநிலை வேறுபாடு, வெப்பக் கடத்தல் எண் ஆகியவை. முதலாவதை மற்ற இரண்டின் பெருக்குத்தொகையால் வகுத்தால் பரப்பு கிடைக்கும்.

குளிர்விப்பானில் இரு வேறு வேலைகள் நடைபெறுகின்றன என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும். ஆவி திரவமாவது முதல் வேலை. அத்திரவம் குளிர்வது இரண்டாவது வேலை. நீர் கீழிருந்து மேலாகவும், ஆவி மேலிருந்து கீழாகவும் எதிரெதிராகச் செல்லும் குழாய்க் கட்டு வகைக் குளிர்விப்பானை எடுத்துக்கொள்வோம். கீழ்ப்பகுதியில் நீர் 30 டிகிரியிலிருந்து 33 டிகிரிக்கு ஏறி வடிநீரைக் குளிர்விக்கிறது. பின்னர் மேற்பகுதியில் 60 டிகிரிவரை ஏறி ஆவியைத் திரவமாக்குகிறது.

முதல் வேலைக்குரிய வெப்பம் மணிக்கு 32,400 கிலோ கலோரி. மடக்கை முறையில் கணக்கிட்டால் சராசரி வெப்பநிலை வேறுபாடு சுமார் 52 டிகிரி. வெப்பக் கடத்தல் எண்ணை ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, மணிக்கு 500 கிலோ கலோரி என்று கொண்டால் தேவைப்படும் பரப்பு 1.24 சதுர மீட்டர். இரண்டாவது வேலைக்குரிய வெப்பம் 3,600 கிலோ கலோரி மட்டுமே. ஆனால் வெப்பநிலை வேறுபாடு இங்குச் சராசரி 30 டிகிரியாகக் குறைகிறது. மெதுவாக வழியும் திரவத்துக்குக் கடத்தல் எண்ணும் சுமார் 100 என்ற அளவுக்குத் தாழ்ந்துவிடுகிறது. ஆகவே இதற்கும் 1.2 சதுர மீட்டர் பரப்பு வேண்டியுள்ளது.

மொத்த வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கே உள்ள கடைசி வேலைக்கு ஏறக்குறைய பாதிப் பரப்பு தேவைப்படுகிறது. 'ஆவி திரவமாகிவிட்டது, அதுவே போதும்' என்று கருதிக் குழாயைக் குறைப்பவர்கள் செய்யும் தவறு இங்குதான் நேர்கிறது. அவர்களுடைய கலனில் ஆவி கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் வடிநீர் சூடாக வந்து, பிரிப்பானிலிருந்து எண்ணெய் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது.

இரண்டையும் கூட்டினால் 2.44 சதுர மீட்டர். கங்கைச் சமவெளியின் நிலத்தடி நீர் பல இடங்களில் கடினத்தன்மை உடையது. சூடேறும்போது சுண்ணாம்பு உப்பு குழாயின்மீது படிந்து வெப்பம் கடப்பதைத் தடுக்கும். இதற்காக 25 சதவிகிதம் கூடுதலாக ஒதுக்கினால் சுமார் 3.05 சதுர மீட்டர் ஆகிறது. 25 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள குழாய் ஒரு மீட்டருக்கு 0.0785 சதுர மீட்டர் பரப்பைத் தரும். ஆகவே 2 மீட்டர் நீளமுள்ள 20 குழாய்கள் கொண்ட ஒரு கட்டு போதுமானதாகும்.

இங்குக் கொள்ளப்பட்ட கடத்தல் எண்கள், நீர் தொடர்ந்து ஓடும் குளிர்விப்பானுக்கு உரியவை. அசையாத தொட்டி நீரில் அமிழ்த்திய சுருள் குழாய்க்கு இந்த எண் மிகவும் குறையும். அதற்கேற்பப் பரப்பும் பெருக வேண்டும்.

கோடையின் பாதிப்பு

மேற்கண்ட கணக்கு 30 டிகிரி நீருக்கு உரியது. குழாய்க் கிணற்றிலிருந்து நேரடியாக வரும் நீர் ஏறத்தாழ இந்த நிலையில் இருக்கும். ஆனால் புதினா வடிக்கும் பருவமோ வட இந்தியாவின் கடும் கோடை. மேல்தொட்டியில் வெயிலில் நின்ற நீர் 35 டிகிரியில் நுழைவதாகக் கொண்டால், 60 டிகிரிவரை ஏறும் இடைவெளி 25 டிகிரியாகச் சுருங்குகிறது. நீர்த்தேவை மணிக்கு 1,440 லிட்டராகிறது. வடிநீரைக் குளிர்விக்கும் பகுதியில் சராசரி வேறுபாடு 30 டிகிரியிலிருந்து சுமார் 23 டிகிரியாகக் குறைகிறது. பரப்புத் தேவை, உப்புப் படிவுக்கான ஒதுக்கீட்டையும் சேர்த்து, சுமார் 3.6 சதுர மீட்டராகிறது. 20 குழாய்களுக்குப் பதிலாக 23 குழாய்கள் வேண்டும். 5 டிகிரி வேறுபாடு நீரில் 20 சதவிகிதமும், பரப்பில் ஏறக்குறைய அதே அளவும் கூடுதல் சுமையை ஏற்படுத்துகிறது. ஆகவே குளிர்விப்பானின் அளவைப் பருவத்தின் மிக வெப்பமான நாளுக்கு ஏற்ப முடிவு செய்வதே முறையாகும். மேல்தொட்டிக்கு ஒரு கூரை வேய்வது இதைவிட எளிய பரிகாரம்.

இழப்பு யாருக்கு?

இந்தத் தொழில்நுட்பக் குறை நீடிப்பதற்கு ஒரு பொருளாதாரக் காரணமும் உண்டு. சிறு விவசாயிகளில் பலருக்குச் சொந்தக் கலன் இல்லை. தழையை வண்டியில் ஏற்றிவந்து, பிறர் கலனில் ஒரு தடவைக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து வடித்துச் செல்கின்றனர். கலன் உரிமையாளரின் வருவாய் தடவைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. எண்ணெயின் அளவைப் பொறுத்ததன்று. குளிர்விப்பானின் செலவு அவருடையது; எண்ணெய் இழப்போ தழை கொண்டுவந்தவருடையது. செலவு செய்பவர் ஒருவர், பயன் பெறுபவர் மற்றொருவர் என்றாகும்போது குழாய் சிறுத்துப்போவதில் வியப்பில்லை.

தீயைக் கூட்டி விரைவாக வடிக்கும் போக்கும் இதன் விளைவே. மேற்சொன்ன 20 குழாய்க் குளிர்விப்பானில் உப்பு படிந்து ஒதுக்கீடு தீர்ந்திருக்கும் நிலையில், வடிநீரை மணிக்கு 60 லிட்டரிலிருந்து 80 லிட்டராக உயர்த்தினால் என்ன நேரும்? நீரின் அளவு மாறாவிடில், பரப்பின் பெரும் பகுதியை ஆவியே எடுத்துக்கொள்ளும். எஞ்சிய பரப்பில் வடிநீர் 40 டிகிரிக்குக் குளிராது. 60 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் வெளிவரும்.

500 கிலோ தழையில் 0.6 சதவிகிதம் எண்ணெய் இருப்பதாகக் கொண்டால் ஒரு தடவைக்கு 3 கிலோ கிடைக்க வேண்டும். அதில் 5 சதவிகிதம் வீணாவதாக வைத்துக்கொண்டால் இழப்பு 150 கிராம். நாளொன்றுக்கு 3 தடவை, பருவத்தில் 30 நாட்கள் என்றால் 90 தடவைகளில் 13.5 கிலோ எண்ணெய். கிலோ 900 ரூபாய் என்ற விலையில் இது 12,150 ரூபாயாகும். இந்தத் தொகை ஒருவரிடமிருந்து பறிக்கப்படுவதில்லை; பல விவசாயிகளிடமிருந்து சிறுசிறு அளவில் கழிவதால் யார் கண்ணிலும் படுவதில்லை. எண்ணெய் குறைந்தால் விவசாயி ரகத்தையோ மழையையோ நொந்துகொள்கிறார், குளிர்விப்பானை ஐயுறுவதில்லை.

நீரைச் சிக்கனப்படுத்துதல்

மணிக்கு 1,200 லிட்டர் வீதம் நாளொன்றுக்கு 12 மணி நேரம் வடித்தால் 14,400 லிட்டர் நீர் செலவாகிறது. நிலத்தடி நீரை இவ்வாறு இறைத்து வாய்க்காலில் விடுவது எரிபொருளுக்கும் நீர்வளத்துக்கும் ஒருசேர இழப்பாகும். இதனைத் தவிர்க்க வழியுண்டு. வெளியேறும் சூடான நீரைச் சிறு துளிகளாகச் சிதறவிட்டு மீண்டும் பயன்படுத்தலாம். 1 லிட்டர் நீர் ஆவியாகும்போது சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. எனவே 36,000 கிலோ கலோரியை அகற்ற மணிக்கு ஏறத்தாழ 62 லிட்டர் ஆவியானாலே போதும். சிதறி வீணாவதையும், உப்பு மிகாமலிருக்க அவ்வப்போது வெளியேற்ற வேண்டியதையும் சேர்த்தாலும் நாளொன்றுக்குச் சுமார் 1,000 லிட்டர் நீரே புதிதாகத் தேவைப்படும்.

மழைக்கு முந்தைய வறண்ட காற்றில் இம்முறை நன்கு பயன்தரும். பருவமழை தொடங்கிக் காற்றில் ஈரம் மிகுந்தபின் நீர் அந்த அளவுக்குக் குளிராது. அப்போது வடிக்கும் வேகத்தைக் குறைத்துக்கொள்வதோ, கிணற்று நீரை ஓரளவு கலந்துவிடுவதோ அவசியமாகும்.

60 டிகிரியில் வெளியேறும் நீரின் ஒரு பகுதியைக் கலனுக்கே ஊட்டலாம். 30 டிகிரி நீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்க ஒரு கிலோவுக்கு 610 கிலோ கலோரி வேண்டும். 60 டிகிரி நீருக்கு 580 போதும். எரிபொருளில் ஏறக்குறைய 5 சதவிகிதம் மிச்சமாகிறது. வடித்து எஞ்சிய தழையை உலர்த்தி எரிக்கும் வழக்கமும் விறகுத் தேவையைக் குறைக்கிறது.

அமைப்பில் கவனிக்க வேண்டியவை

குளிர்விப்பானின் வெளிவாய் எப்போதும் திறந்திருக்க வேண்டும். குழாய் அடைபட்டால் கலனுக்குள் அழுத்தம் ஏறி வெடிக்கும் அபாயம் உண்டு. புதினா வடிக்கும் கலன்கள் வெடித்து உயிரிழப்பு நேர்ந்த செய்திகள் உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்துள்ளன. தழைத் துகள்கள் ஆவியோடு சென்று அடைத்துக்கொள்ளாதிருக்க, ஒரே ஒடுங்கிய நீண்ட குழாயைவிடப் பல குழாய்கள் கொண்ட கட்டு பாதுகாப்பானது. கட்டைக் கழற்றி எடுத்து உப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வசதியிருக்க வேண்டும். சாதாரண இரும்பு துருப்பிடித்து எண்ணெயின் நிறத்தைக் கெடுக்குமாதலால், ஆவியும் எண்ணெயும் படும் குழாய்கள் துருப்பிடிக்காத எஃகாக இருப்பது நன்று.

எல்லா எண்ணெய்களுக்கும் 40 டிகிரி என்ற ஒரே விதி பொருந்தாது. வெட்டிவேர் எண்ணெய் பிசுபிசுப்பானது. அதன் அடர்த்தியும் நீரின் அடர்த்தியை ஒட்டியது. அதன் வடிநீர் சற்று வெதுவெதுப்பாக இருந்தால்தான் எண்ணெய் பிரியும். மெந்தால் மிகுந்த எண்ணெயும் குளிர் நாட்களில் மிகையாகக் குளிர்ந்தால் படிகமாக உறையக்கூடும்.

ஆய்வுக்கு எளிய வழி

மத்திய மருந்து மற்றும் நறுமணத் தாவர நிறுவனம் களத்திற்கேற்ற மேம்பட்ட வடிகலன்களை வடிவமைத்துள்ளது. 1991ஆம் ஆண்டு கன்னௌஜில் நிறுவப்பட்ட நறுமணம் மற்றும் சுவை மேம்பாட்டு மையம் பயிற்சி அளிக்கிறது. 2017ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நறுமண இயக்கத்தின் கீழும் பல பகுதிகளில் வடிகலன்கள் நிறுவப்பட்டுள்ளன. கடனோ மானியமோ வழங்கும்போது கலனின் கொள்ளளவு குறிக்கப்படுகிறது. அத்துடன் குளிர்விப்பானின் பரப்பையும், அது தாங்கக்கூடிய வடிநீர் வேகத்தையும் குறிப்பிடச் செய்வது பயனுள்ளதாகும். அதனை ஒரு தகட்டில் பொறித்துக் கலனிலேயே பதித்தால் தழை கொண்டுவரும் விவசாயியும் அறிந்துகொள்வார்.

களத்தில் சரிபார்க்க ஒரு வாளி, ஒரு கடிகாரம், ஒரு வெப்பமானி ஆகிய மூன்றும் போதும். வாளி நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்து வடிநீரின் வேகத்தை அறியலாம். குளிர்நீரின் வேகத்தையும், அது நுழையும்போதும் வெளியேறும்போதும் உள்ள வெப்பநிலைகளையும் அவ்வாறே அளக்கலாம். குளிர்நீர் மணிக்கு எடுத்துச் செல்லும் வெப்பம், வடிநீரின் லிட்டரை 600ஆல் பெருக்கி வரும் தொகைக்கு அருகில் இருக்க வேண்டும். வெகுவாகக் குறைந்தால், ஆவி வீணாகிறது அல்லது வடிநீர் சூடாக வெளியேறுகிறது என்று பொருள். வெப்பமானி இல்லாதபோது, வெளிவரும் வடிநீரில் கையை வைத்துப் பார்க்கலாம். கையைத் தொடர்ந்து வைத்திருக்க முடியவில்லையென்றால் தீயைத் தணிக்க வேண்டும். அல்லது நீரைக் கூட்ட வேண்டும்.

நான்கு மாதங்கள் நிலத்தில் உழைத்து விளைவித்த எண்ணெய், கடைசி 2 மீட்டர் குழாயில் இழக்கப்படுவது தவிர்க்கக்கூடிய ஒன்றாகும். புதிய கண்டுபிடிப்போ பெரும் முதலீடோ இதற்குத் தேவையில்லை. கலனை வாங்கும்போதே மூன்று குழாய்கள் கூடுதலாகப் பொருத்தப்பட்டால், அந்தக் கலன் உழைக்கும் ஒவ்வொரு பருவத்திலும் அதன் பயன் தழை சுமந்துவரும் விவசாயியின் வீடு போய்ச் சேரும்.